பேருக்குக் கீழே ஒரு வரி

அன்பு மகளுக்கு,

நான் சுகமாக இருக்கிறேன் என்றுதான் எழுத வேண்டும், எழுதிவிட்டேன், நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நன்றாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். சமையலறைக் குழாய் ஒழுகுவது நின்றுவிட்டது. சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், அழுகை மட்டும் இன்னும் வரவில்லை, அதற்காகக் கவலைப்படாதே.

நேற்று உன் அம்மா பெயருக்கு ஓர் உறை வந்தது. அவளோடு மாதம் ஒரு ஞாயிறு நூலக மாடியில் உட்கார்ந்து தபால்தலை மாற்றிக்கொள்வாரே பல் டாக்டர், அவர்தான். உள்ளே மூன்று பறவைத் தபால்தலைகளும் ஒரு துண்டுச் சீட்டும், "ரெண்டு மாசமா ஆளையே காணோமே, எங்க மேல ஏதாச்சும் கோவமாம்மா?" என்று. அவருக்குத் தெரியாது. அந்தக் கூட்டத்தில் பதினொரு பேர், யாருக்குமே தெரியாது. அம்மாவை எடுத்த அன்றைக்கு ஒருத்தர்கூட வரவில்லையே, இத்தனை வருடப் பழக்கம் இவ்வளவுதானா என்று நீ போனில் கொதித்தாய், நானும் பேப்பரில் பார்த்திருப்பார்கள் என்று சொல்லிவைத்தேன். அது பொய். இரங்கல் விளம்பரம் பேப்பரில் வரவே இல்லை.

பேப்பர் ஆபீஸ்காரர் "பேருக்குக் கீழ ஒரு வரி போடலாம் சார், ஆறு மணிக்குள்ள குடுத்துடுங்க" என்றார். முப்பத்தொரு வருடம் அகராதி ஆபீசில் பின்னொட்டுகளுக்குப் பொருள் சீட்டு எழுதியவனுக்கு ஒரு வரி பெரிய விஷயமா என்று உட்கார்ந்தேன். தபால்தலை ஆர்வலர் என்றால் கூட்டத்துக்கு வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறவர் மாதிரி இருந்தது. பிரியர் என்றால் சாப்பாட்டு ஞாபகம் வருகிறது. வெறியர் யாரையாவது அடிப்பார். பித்தர் வீட்டை விட்டு ஓடிப்போன சாமியார். பைத்தியம்தான் சரி, நாம் அப்படித்தானே சொல்வோம், அவளும் "ஆமா, பைத்தியந்தான், அதுக்கென்ன இப்ப?" என்பாள், ஆனால் செத்தவளைப் பைத்தியம் என்று அச்சில் போடலாமா? பக்கத்து அறையில் அவள் கிடக்க, நான் அலமாரியிலிருந்து அகராதியை இறக்கிப் புரட்டிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தபோது ஆறேமுக்கால். பக்கம் முடிந்துவிட்டது என்றார்கள். மறுநாள் காலையிலேயே அவளை எடுத்துவிட்டோம். எல்லோருடைய நம்பரும் அவள் டைரியில் இருந்தது, அதைத் திறக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

இன்று பதினொரு பேருக்கும் கார்டு எழுதினேன். அவள் இறந்துவிட்டாள், என் தவறால் உங்களுக்குத் தெரியாமல் போய்விட்டது, மன்னியுங்கள் என்று அவ்வளவுதான். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. நீ அவர்கள் மேல் வைத்த கோபத்தை எடுத்துவிடு, என் மேல் வை, நியாயம்தான்.

மூவரும் நீண்ட ஆயுளோடு நிறைவாக இருங்கள். காதுவலிக்காரக் குழந்தையைக் காற்றில் தொப்பி இல்லாமல் விடாதே. இன்னொன்று, எனக்குக் கடிதம் போடும்போது முன்பு மாதிரி கடை கடையாக ஏறி நல்ல தபால்தலையாகத் தேடி ஒட்ட வேண்டாம். கிடைத்ததை ஒட்டி அனுப்பு.

இப்படிக்கு,
அப்பா