ஒதுக்கின வீடு

நவம்பர் 9, ஞாயிறு

காலையிலிருந்து மழை. துணி எதுவும் காயவில்லை. பால்கனி என்று பெயர்தான். கை நீட்டினால் எதிர்ச்சுவர்.

செய்ய வேண்டியவை: குளியலறைத் தாழ்ப்பாளுக்கு எண்ணெய். அரிசி. அம்மாவுக்குப் போன்.

முதல் இரண்டும் ஆயிற்று.

வெள்ளிக்கிழமை அலுவலகத்தை விட்டு வந்த பிறகு யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. மதியம் கீழே கடையில் தே ஓ, பாலில்லாத டீ, கேட்டபோதுதான் அது தெரிந்தது. குரல் பிசிறியது. கடைக்காரர், "என்னா தங்கச்சி, சளியா?" என்றார். ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன்.

திரும்பி வந்தால் கதவிடுக்கில் நிர்வாக அலுவலகத்தின் அறிவிப்பு. 19ஆம் தேதி, புதன், வீடு பார்க்க வருகிறார்கள். விண்ணப்பத்தில் பெயர் உள்ள எல்லோரும் இங்கேயே குடியிருக்கிறார்களா என்று பார்ப்பார்களாம்.

என் விண்ணப்பத்தில் இரண்டு பெயர். நான், அம்மா. குறைந்த வாடகை வீடு தனி ஆளுக்குக் கிடையாது, குடும்பமாக இருக்க வேண்டும். சாவி வாங்கி மூன்று மாதமாகிறது. அம்மா இன்னும் கடலுக்கு அக்கரையில், மாக் மண்டினில், அதே வாடகை அறையில். "அடுத்த வாரம் பாக்கலாம் பாப்பா." ஒவ்வொரு வாரமும் இதே பதில்.

அவர் வராவிட்டால் வீடு போய்விடும். இதைப் போனில் எப்படிச் சொல்வது என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். தாளைக் கிழித்துவிட்டேன்.

நவம்பர் 11, செவ்வாய்

வெயில். அலுவலகத்தில் புதிய வரைபடம். இன்னொரு வாடகைக் கட்டடம், உயரமானது. புதிதாகக் கட்டினால் ஒரு பங்கு வீடுகளைக் குறைந்த வாடகைக்கு விட வேண்டும் என்பது விதி. வரைபடத்தில் அந்த வீடுகளுக்கு வெளிர்மஞ்சள் அடிப்பது என் வேலை. கார் நிறுத்தும் மாடிக்கு அடுத்த மாடி, குப்பை அறைப் பக்கம், கடல் தெரியாத பக்கம். எங்கே வருவது என்று முடிவு செய்வது மேலே இருப்பவர்கள். நிறம் மட்டும் நான்.

பல்கலைக்கழகத்தில் கடைசி வருடக் கட்டுரை இந்த விதியைப் பற்றித்தான் எழுதினேன். நல்ல மதிப்பெண். அதில் பின்வாசலைப் பற்றி ஒரு வரி இல்லை. எனக்குத் தோன்றவே இல்லை.

மதியம் எல்லோரும் சாப்பிடக் கிளம்பினார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். கொண்டு வந்திருக்கிறேன் என்றேன். கொண்டு வரவில்லை.

மாலை ஏதோ யோசனையில் என் கட்டடத்தின் முன்பக்கமாக வந்துவிட்டேன். முன்கூடத்துக் கதவில் என் கார்டை வைத்தால் சிவப்பு விளக்குதான் எரியும். என்னைப் போன்ற மஞ்சள் மாடிக்காரர்களுக்குப் பின்பக்க கேட், பின்பக்க லிஃப்ட். உள்ளே சோபாவில் இருந்த ஒரு பெண் கதவைத் திறந்துவிட எழுந்தாள். நல்ல முகம். நான் போன் வந்தது போல் காதில் வைத்துக்கொண்டு திரும்பி நடந்தேன்.

நவம்பர் 13, வியாழன்

மழை, விட்டு விட்டு.

எதிர் வீட்டு ரஹ்மத் அக்கா. கணவருக்கு நாசி கண்டார் சோற்றுக் கடையில் வேலை. பிள்ளைகள் சத்தம் சுவர் வழியாக வரும். சில இரவுகளில் நான் டிவியை நிறுத்திவிட்டு அதைக் கேட்பதுண்டு. இன்று வாசல் கிரில் வழியாகக் கூப்பிட்டார்.

"மாலா, பொதங்கெழம வராங்களாமே. ஒங்கம்மா வந்துட்டாங்களா?"

"வருவாங்கக்கா."

"வந்ததுலேர்ந்து இதத்தான் சொல்ற. நெசமாவே அம்மா இருக்காங்களா, இல்ல விண்ணப்பப் பாரத்துல எழுதறதுக்காகப் பொறந்தவங்களா?"

சிரித்தார். நானும் சிரித்தேன். கொஞ்சம் தாமதமாக.

பிறகு குரலைத் தணித்து, "மேல் மாடில ஒரு பையன் தம்பி பேரப் போட்டுட்டுத் தனியா இருந்தான். சாவிய வாங்கிட்டாங்க லா. சும்மா சொல்லல, பாத்துக்க." ஒரு டப்பாவில் மீன் கறி நீட்டினார்.

பாசாரில் வாங்கியவை:
பல் பிரஷ், பச்சை
பெரிய குவளை
துண்டு
அம்மா கட்டுவது போன்ற கைலி

துண்டை ஒரு முறை அலசி மாட்டினேன். கைலியை மடித்து, கலைத்து, மறுபடி மடித்தேன். பிரஷ் புதிதாகத் தெரியக் கூடாது. தினமும் காலையில் என் பிரஷோடு அதையும் நனைக்க வேண்டும்.

நவம்பர் 14, வெள்ளி

பச்சை பிரஷை நனைக்கும்போது ஏதாவது பேச வேண்டும் போல இருக்கிறது.

நவம்பர் 16, ஞாயிறு

ஃபெரிப் படகில் அக்கரைக்கு. காற்று. பக்கத்தில் ஒரு குடும்பம், ஒரே பொட்டலத்து முறுக்கை நான்கு பேர். எனக்கும் நீட்டினார்கள். வேண்டாம் என்று சொன்ன பிறகுதான் பசி தெரிந்தது.

அம்மா தொழிற்சாலைக் கேன்டீன் சீருடையைத் துவைத்துக்கொண்டிருந்தார். கட்டிலில் உட்கார்ந்து ஒருவழியாகச் சொல்லிவிட்டேன். புதன்கிழமை வருகிறார்கள், நீங்கள் இல்லையென்றால் வீடு போய்விடும்.

"போனாப் போவுது. இங்க வந்துரு."

"ஏம்மா இப்பிடிப் பேசறீங்க? எத்தன பேர் கேட்டுக் கெடைக்காத வீடு."

"ஒதுக்கின வீடுன்னு நீதானே சொன்ன."

எனக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. கடிதம் வந்த அன்று போனில் கத்தியிருக்கிறேன்: "அம்மா, நம்ம மாதிரி ஆளுங்களுக்குன்னே ஒதுக்கின வீடு!" தமிழ்ப் பத்திரிகையில் அப்படித்தான் போடுவார்கள், ஒதுக்கீட்டு வீடுகள் என்று. படித்தவள் மாதிரி சொல்ல நினைத்தேன். அன்று அம்மா "ஓ" என்று மட்டும் சொன்னார். வேலையில் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

"ஒங்கப்பாவக் கட்டிக்கிட்டேன்னு எங்காளுங்க எங்கள ஒதுக்கி வச்சாங்க. கல்யாணத்துக்குப் போனா ஓரத்துல தனி மேச. அவரு போன அன்னிக்கும் ரோட்டுலயே நின்னு பாத்துட்டுப் போயிட்டாங்க. இங்க யாரும் என்னை ஒதுக்கல. கீழ் வீட்டு சீனத்தி கூட வந்து கஞ்சி குடிக்கிறா. நீ படிச்சிட்டு வந்து திரும்ப ஒதுக்கின எடத்துக்குக் கூப்புடற."

"அது வேற ஒதுக்கறதும்மா, இது வேற. நமக்குன்னு எடுத்து வைக்கறது."

"அப்ப முன்வாசல் வழியாப் போலாமா?"

கார்டு சிவப்பு காட்டியதை நானே ஒரு நாள் வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறேன்.  சீருடையைப் பிழிய ஒரு முனையைப் பிடித்துக்கொண்டேன்.

கிளம்பும்போது, "பொதங்கெழம மட்டும் வாங்கம்மா. இங்கதான் இருக்கீங்களான்னு கேட்டா ஆமான்னு சொல்லுங்க, போதும்."

"பொய்யா?"

"ஆமா."

அம்மா என்னை அப்படிப் பார்த்ததில்லை. கோபமில்லை. யார் வீட்டுப் பிள்ளை என்று பார்ப்பது போல.

நவம்பர் 19, புதன்

மூட்டம். மழை இல்லை. அரை நாள் விடுப்பு.

ஃபெரித் துறையில் அம்மாவைக் கூப்பிட்டுக்கொண்டு வந்தேன். கையில் ஒரு பை மட்டும். பின்பக்க கேட், குப்பைத் தொட்டிகள், லிஃப்ட். அம்மா எல்லாவற்றையும் பார்த்தார். லிஃப்ட் கதவு மூடிய பிறகு, "நான் நெனச்சது சரிதான்."

வீட்டுக்குள் வந்து ஜன்னல், அடுப்பு, அலமாரி, குளியலறை என்று ஒரு சுற்று.

"யாரு பிரஷ் இது?"

"ஒங்களுது."

"ஓ. நல்லாத்தான் தேச்சிருக்கேன்."

கதவு தட்டப்பட்டது. தூடோங் முக்காடு அணிந்த ஒரு மலாய் அம்மா, கையில் டேப்லெட், களைத்த முகம். காலணியைக் கழற்றி ஒழுங்காக வைத்துவிட்டு உள்ளே வந்தார். குளியலறையை எட்டிப் பார்த்தார்.  அம்மாவிடம் திரும்பி, மாச்சிக் என்று மரியாதையாக அழைத்து, இங்கேதான் இருக்கிறீர்களா என்று மலாயில் கேட்டார்.

அம்மா என்னைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்து, "பெலும்."

இன்னும் இல்லை.

இல்லை என்றும் சொல்லவில்லை, ஆமாம் என்றும் சொல்லவில்லை. அந்த அதிகாரி முதலில் அம்மாவையும் பிறகு குளியலறைப் பக்கத்தையும் பார்த்தார். சிரித்த மாதிரி இருந்தது. எப்போது வருவீர்கள் என்று கேட்டார். அம்மா தெரியாது என்றார். மாதக் கடைசிக்குள் வர வேண்டும், மறுபடி வந்து பார்ப்பேன், அப்போதும் இல்லையென்றால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது. இதை என்னிடம் சொன்னார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு தெரிமா காசி என்று நன்றி சொன்னேன்.

அவர் போன பிறகு அம்மா சோறு வடித்தார். ரஹ்மத் அக்கா கிரில் வழியாக எட்டிப் பார்த்து, "அட, நெசமாவே இருக்காங்க!" அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இந்த வீட்டில் ஒருவர் சத்தமாகச் சிரித்தது இதுதான் முதல் தடவை.

சாப்பிட உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது. வீட்டில் இருப்பது ஒரே தட்டு.

அம்மா அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பிரஷ் வாங்கினியே, இத மறந்துட்டியே. மக்கு." எனக்குத் தட்டில் போட்டுவிட்டு, அவர் சட்டியிலிருந்தே சாப்பிட்டார்.  மாலை ஃபெரியில் திரும்பிவிட்டார். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை.

நவம்பர் 20, வியாழன்

ஒன்றுமில்லை. சட்டியின் அடியில் கொஞ்சம் தீய்ந்த சோறு. தேய்க்கவில்லை, இருக்கட்டும்.

நவம்பர் 22, சனி

வெயில். துணி எல்லாம் காய்ந்தது.

காலையில் அம்மாவிடமிருந்து குரல் பதிவு. பின்னால் பாத்திரச் சத்தம்.

"பாப்பா, கேன்டீன்ல சொல்லிட்டேன், இந்த மாசத்தோட நின்னுக்கறேன்னு. அந்தப் பக்கம் கேன்டீன் இல்லாமலா போயிரும். பின்வாசலோ முன்வாசலோ, நடந்துதான வரணும். வரும்போது ரெண்டு தட்டு கொண்டாரேன், நீ வாங்காத. ஆங், அந்த அலமாரில எனக்கு ஒரு எடம் ஒதுக்கி வை. மேல வேணாம், கை எட்டாது. நடுவுல."

அந்தச் சொல்லை அவரே சொல்லிவிட்டார். கவனித்துச் சொன்னாரா என்று தெரியவில்லை.

நிறுத்த மறந்துவிட்டார் போல, பதிவு ஓடிக்கொண்டே இருந்தது. தண்ணீர். யாரோ ஏதோ கேட்கிறார்கள். அம்மாவின் குரல், தூரத்தில்: "எம் மவதான். தனியா இருக்குது."

இன்னொரு முறை கேட்கவில்லை.

அலமாரியின் நடு அறையில் என் சட்டைகள். எல்லாவற்றையும் மேலே ஏற்றினேன். துடைத்தேன். கைலியை மட்டும் வைத்தேன். மீதி இடம் காலி.

பச்சை பிரஷை இன்று நனைக்கவில்லை.