நீ நிறுத்திய எஞ்சின்

மச்சான்,

இன்று காலை குருநகர்க் கரையில் யாரோ எஞ்சினை இழுத்து ஸ்டார்ட் செய்தார்கள். மண்ணெண்ணெய்ப் புகை முகத்தில் அடித்தது. கனடாவிலிருந்து நீ ஊர்த் தேவாலயப் பெருநாளுக்கு வந்து நின்ற நாட்கள் நினைவுக்கு வந்தன.

பனியில் ஓடும் ஸ்னோமொபைல்களுக்கு வேகம் கூட்டிக் கொடுப்பது அங்கே உன் தொழில். வந்த மறுநாளே என் வள்ளத்து எஞ்சினின் மூடியைக் கழற்றிவிட்டாய்.

"இதுவும் அந்த இனம்தான் மச்சான். அங்கை குளிர்காத்து, எண்ணெய் கூடுதலாக் கேக்கும். இஞ்சை வெக்கை. குறைச்சு விட்டால் பறக்கும்."

காபரேட்டரில் எண்ணெய் போகும் துளையைச் சிறிதாக்கினாய். புரொப்பெல்லரை மாற்றினாய். வள்ளத்தில் சும்மா கிடந்த கல், கயிறு எல்லாவற்றையும் இறக்கினாய். பெருநாள் வள்ளப் போட்டியில் நீயே ஓட்டுவதாகச் சொன்னாய். மீசை அரும்பாத வயதில் ஊரைவிட்டுப் போனவன் நீ. ஊர் பார்க்க வெல்ல வேண்டுமென்ற ஆசையை மறைக்கவில்லை.

போட்டியில் நானும் உன்னோடு வள்ளத்தில் இருந்தேன். நாங்கள்தான் முன்னால் போனோம். கரையில் உன் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். எல்லைக்கொடி கிட்ட வந்தபோது நீ வேகத்தைக் குறைத்து எஞ்சினை நிறுத்திவிட்டாய். இரண்டு வள்ளங்கள் எங்களைக் கடந்து போயின.

"என்ன மச்சான், வெல்லுற நேரத்தில நிப்பாட்டிப்போட்டாய்!"

"சத்தம் மாறிட்டுது. இன்னும் ஓடினா பிஸ்டன் இறுகிப்போம். நான் அடுத்த கிழமை பிளேன் ஏறிடுவன். நீ எதில தொழிலுக்குப் போவாய்?"

"கனடா எஞ்சின் நிண்டிட்டுது!" என்று கரையில் ஒருவன் கேலி செய்தான். நீ சிரித்தாய். ஆனால் அன்று பெருநாள் சாப்பாட்டில் கை வைக்கவில்லை.

மறுநாள் கழற்றிப் பார்த்தோம். பிஸ்டனில் கீறல்கள் மட்டும்தான்.

"காத்தை மட்டும் பாத்திட்டன். இது நெடுக ஓடி உழைக்கிற எஞ்சின் எண்டதை யோசிக்கேல்லை," என்றாய்.

துளையைப் பெரிதாக்கி, சுமை இழுக்கக்கூடிய வேறு புரொப்பெல்லர் பூட்டினாய். "வேகம் கொஞ்சம் குறையும். ஆனா இழுக்கும்."

போன பனிக்காலத்தில் வேலைத்தலத்திலேயே உன் இதயம் நின்றுபோனது. அடக்கத்தை நாங்கள் போனில்தான் பார்த்தோம். எஞ்சின் இன்னும் நீ வைத்துவிட்டுப் போன அளவிலேயே ஓடுகிறது. எவரையும் தொட விடவில்லை.

போன கிழமை சோளகக் காற்று திடீரென்று தூக்கி அடித்தது. எஞ்சின் பழுதான வள்ளமொன்று பாதி தண்ணீரோடு பாறைப் பக்கம் ஒதுங்கிக்கொண்டிருந்தது. உள்ளே மூன்று பேர். கயிறு எறிந்து கட்டி இழுத்தேன். அலை பின்னுக்கு இழுத்தபோதும் எஞ்சின் திணறவில்லை. மெல்ல மெல்லக் கரைக்குக் கொண்டுவந்து சேர்த்தது.

அவர்களில் வயதானவர் இறங்கியதும் என் எஞ்சினின் மூடியில் கை வைத்தார்.

"ஆர் தம்பி இதைச் செய்து தந்தது?"

"என்ரை கூட்டாளி. கனடாவில இருக்கிறவன்."

இருந்தவன் என்று சொல்ல வாய் வரவில்லை, மச்சான்.

"மூண்டு பேரும் வீடு வந்து சேந்திட்டம் எண்டு அவருக்குச் சொல்லும்."

"ஓம், சொல்லுறன்," என்றேன்.

அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். மூன்று பேரும் வீடு வந்து சேர்ந்துவிட்டார்கள்.