சீனியரின் லாக்புக்

செவ்வாய், இரவு.

ஜூனியரான நான் செய்த ஹெர்னியா ஆபரேஷன்களையெல்லாம் தான் செய்ததாக, சீனியர் தன் லாக்புக்கில் எழுதிக்கொண்டே வந்தார். இன்று எங்கள் யூனிட் சீஃப் அதைப் புரட்டிப் பார்த்தார். “இவ்ளோ பண்ணியிருக்கியே, இன்னைக்கி தனியா பண்ணுப்பா. அவ சும்மா கூட நிக்கட்டும்.”

ஹெர்னியாவுக்காக வந்திருந்த வளவனூர்ப் பெரியவருக்குத் தோலைக் கீறியதுமே சீனியரின் கை நின்றுவிட்டது.

“அடுத்து இன்னாம்மா? ஜல்தி சொல்லு” என்று மாஸ்க்குக்குள் கெஞ்சினார்.

“நீங்க பண்ணாத கேஸா சார்?” என்றேன், சீஃப் காதில் விழும்படி.

இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்திருந்த பெரியவர் திரைக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டார்: “இன்னாம்மா, எல்லாரும் சும்மா நின்னுக்கினு இருக்கீங்க?” அது மட்டும் எனக்குச் சுருக்கென்றது.

“கத்திய அவகிட்ட குடு” என்றார் சீஃப். சீனியர் நீட்டினார். நான் உடனே வாங்கவில்லை. அவர் என்னிடம் கத்தியை நீட்டிக்கொண்டு நிற்பதை நர்ஸ்கள் எல்லோரும் பார்த்து முடிக்கட்டும் என்று, சரியாகவே இருந்த கிளவுஸை மெதுவாக இழுத்துவிட்டுக்கொண்டேன்.