மூடாத கை

மார்ச் 3, செவ்வாய்

பல் துலக்கும்போது பிரஷ் இரண்டு முறை நழுவியது. விறைப்பு விட்டு விரல்கள் வழிக்கு வரப் பத்து மணி ஆகிறது. கோர்ட்டும் பத்து மணிக்குத்தான். சைகை மொழிபெயர்ப்பாளருக்கு முடக்குவாதம்! பாடகிக்குத் தொண்டை போன மாதிரி.

அடுத்த வாரம் கன்னக்குழியின் விசாரணை. காது கேளாதவர்கள் வைத்துக்கொள்ளும் சைகைப் பெயர் அது. சலவை ஆலையில் துணி பிழியும் உருளை அவளுடைய இரண்டு விரல்களைப் பறித்துவிட்டது. மெஷின் ஓடும்போதே சிக்கிய துணியை இழுக்கச் சொன்னார்கள் என்கிறாள். மெஷின் நின்றிருந்தது, அவளே சுவிட்சைத் தட்டிவிட்டாள் என்கிறது முதலாளி தரப்பு. மிச்சமுள்ள எட்டு விரலில் அவள் பேசுவது என் பத்து விரலைவிடத் தெளிவு.

மார்ச் 5, வியாழன்

ரத்தத்தில் சர்க்கரை. எல்லையில் நிற்கவில்லை, தாண்டியே விட்டது.

டாக்டரம்மா விரல் விட்டு எண்ணினார். "மூட்டுல இருக்கிற வீக்கம் மூட்டோட நிக்காதும்மா. உடம்புல இன்சுலினைச் சரியா வேலை செய்யவிடாது. நீங்க சாப்பிடுற ஸ்டீராய்டும் ஒரு ஹார்மோன்தான், அது சர்க்கரையை ஏத்தும். போதாததுக்கு மாதவிடாய் நிக்கிற வயசு. மூணும் ஒரே பக்கம் இழுக்குது."

"ஸ்டீராய்டை விட்டுடலாமா?"

"நீங்களா எதையும் நிறுத்தாதீங்க. அது ஆபத்து."

காதில் விழுந்தது. மனசில் விழவில்லை. சர்க்கரை அப்பாவின் காலை எடுத்தது, முழங்காலுக்குக் கீழே. கட்டுப் பிரித்தபோது பக்கத்தில் நின்றவள் நான்.

மார்ச் 6, வெள்ளி

ஸ்டீராய்டு மாத்திரையை நிறுத்திவிட்டேன். கணவரிடம் சொல்லவில்லை.

மார்ச் 9, திங்கள்

வாந்தி. எழுந்தால் தலை சுற்றுகிறது. தோளிலிருந்து விரல் நுனி வரை யாரோ முறுக்குகிற மாதிரி வலி.

"டாக்டருக்குப் போன் போடவா?" என்றார் கணவர்.

"சும்மா இருங்க. வியாழக்கிழமை முடியட்டும்."

"உன் மூஞ்சியப் பார்த்தா வியாழக்கிழமை வரைக்கும் தாங்காது போலிருக்கு."

எரிந்து விழுந்தேன். பாவம், தட்டுகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டார். இப்போதாவது சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை? சொன்னால் போக விடமாட்டார். நான் போகாவிட்டால் விசாரணை இன்னும் ஆறு மாதம் தள்ளிப்போகும்.

மார்ச் 12, வியாழன்

பேனா விரலில் நிற்கவில்லை. ஆனாலும் எழுதியாக வேண்டும்.

முதல் அரைமணி எப்படியோ ஓட்டினேன். பிறகு முதலாளி தரப்பு வக்கீல் கேட்டார்: "நீங்க கையை விட்டப்ப மெஷின் நின்னுட்டுதானே இருந்தது?"

'நின்றது' என்பதற்கு ஐந்து விரலும் சேர்ந்து மூட வேண்டும். 'ஓடுகிறது' என்றால் விரித்த கை சுழல வேண்டும். என் கை மூடவில்லை. பாதி விரிந்தபடி உதறிக்கொண்டு நின்றது. அவள் அதை 'ஓடியதா' என்று படித்தாள். ஆமாம் என்று தலையசைத்தாள். என் வாயே சொன்னது: "ஆமாம்."

வக்கீல் முகத்தில் ஒரு சிரிப்பு. தட்டச்சர் பதிந்துகொண்டார். அடுத்த கேள்வி வந்துவிட்டது.

ஒரு கணம், ஒரே ஒரு கணம், பேசாமல் இருந்துவிடலாமா என்று தோன்றியது. ஒத்துக்கொண்டால் இனி யார் என்னை வேலைக்குக் கூப்பிடுவார்கள்? ஐயோ, என்ன புத்தி இது!

எழுந்துவிட்டேன். "ஐயா, அந்தப் பதில் செல்லாது. கேள்வியை நான் தப்பா காட்டிட்டேன். என் கை மூடல."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "மூடலைன்னா?"

கையைத் தூக்கிக் காட்டினேன். வீங்கிச் சிவந்திருந்தது. "சாட்சிக்குப் பாடம் சொல்றாங்க!" என்று வக்கீல் கத்தினார். அதற்குமேல் நிற்க முடியவில்லை. மேசையைப் பிடித்தபடி உட்கார்ந்தது மட்டும் நினைவிருக்கிறது.

வெளியே பெஞ்சில் கன்னக்குழி எனக்குத் தண்ணீர் புகட்டினாள். பிறகு சைகையில்: "உன் கை ஒரு மாசமாத் திக்குது. நீயே சொல்லுவேன்னு பார்த்தேன்."

"கோபமா?"

"ரொம்ப. முதல்ல தண்ணியக் குடி."

மார்ச் 13, வெள்ளி

ஆஸ்பத்திரிக் கட்டில். டாக்டரம்மா திட்டித் தீர்த்தார். வெளியிலிருந்து ஹார்மோன் வந்துகொண்டே இருந்ததால் உடம்பு தானே சுரப்பதை மறந்துவிட்டதாம். திடீரென்று நிறுத்தியது உயிருக்கே உலை வைத்திருக்கும். இனி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். வீக்கத்துக்கு வேறு மருந்து, சர்க்கரைக்குத் தனி மாத்திரை.

கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "உங்கப்பா காலை நினைச்சியா?" என்றார். அப்போதுதான் அழுகை வந்தது.

மார்ச் 20, வெள்ளி

பதிலை நீக்கி, கேள்வியை மறுபடி கேட்க உத்தரவு. இரண்டு மொழிபெயர்ப்பாளர்கள் வேண்டுமாம். என் பெயரையும் கன்னக்குழியே எழுதிக் கொடுத்திருக்கிறாள்.

ஏப்ரல் 16, வியாழன்

சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது. மோதிர விரல் இன்னும் மடங்கவில்லை.

கேள்விகளை இரண்டாவது மொழிபெயர்ப்பாளன் நெட்டையன் சைகையில் காட்டினான். அவள் பதில்களுக்குக் குரல் கொடுப்பது மட்டும் என் வேலை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

வக்கீல் அதே கேள்வியைக் கேட்டார். நெட்டையனின் கை அழகாக மூடியது. அவள் நீதிபதியை நேராகப் பார்த்து, மூன்று விரல் கையை விரித்துச் சுழற்றினாள்.

"இல்ல. ஓடிட்டுதான் இருந்தது," என்றேன், கடைசி பெஞ்சுக்கும் கேட்கும்படி.