பகல் குறைந்தால் பூக்கும் அவரை

என் செல்ல மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நாங்கள் மூன்று பேரும் நன்றாக இருக்கிறோம், நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, உடம்பைக் கவனித்துக்கொள்கிறாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். தினமும் போனில் பேசிக்கொண்டு கடிதம் எதற்கு என்று நீ சிரிப்பாய். போன் என்றால் அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறார், உன் தங்கை பாதியில் பிடுங்கிக்கொள்கிறாள், நான் சொல்ல வந்தது சொல்லாமலே போய்விடுகிறது. இது நிதானமாகச் சொல்ல வேண்டிய விஷயம்.

இந்த ஞாயிறு முழுக்க மொட்டைமாடியில் விதை பிரிக்கிற வேலை. கத்தரி, பீர்க்கு, வெண்டை எல்லாம் பழைய மாத்திரைப் புட்டிகளில் சாம்பலோடு சேர்த்துப் போட்டாயிற்று. வெண்டையில்தான் கொஞ்சம் நஷ்டம். நடுச்செடியில் நல்ல நீளமாக வந்த காயை விதைக்கென்று முற்ற விட்டு, யாரும் பறித்துவிடக் கூடாதென்று காம்பில் சிவப்புத் துணி கட்டி வைத்திருந்தேன். அப்பா அதைப் பறித்துக்கொண்டு வந்து, "இவ்ளோ முத்தவிட்டு வெச்சிருக்கியே, தோட்டத்த யாரு கவனிக்கிறது" என்று என்னிடமே கேட்கிறார். துணி கட்டியிருந்ததே, கண்ணில் படவில்லையா என்றால், "காத்துல பறந்து வந்து ஒட்டிக்கிச்சுன்னு நெனச்சேன்" என்கிறார். ரெட்டை முடிச்சு போட்ட துணி எந்தக் காற்றில் பறந்து வரும், நீயே சொல். பணிமனையில் இத்தனை வருஷம் பஸ் இன்ஜினைக் கழற்றி மாட்டுகிறவருக்கு ஒரு வெண்டைக்காய் புரியவில்லை. தக்காளி கதை அதைவிட மோசம். போன வருஷம் உன் தங்கை ஒரு ஒட்டு ரக பாக்கெட் வாங்கி வந்தாளே, கொத்துக் கொத்தாகக் காய்த்ததே, வேண்டாம் என்று நான் சொல்லியும் கேட்காமல் அதிலிருந்து விதை எடுத்து இந்த வருஷம் போட்டாள். ஒரு செடியில் நெல்லிக்காய் அளவு, ஒன்றில் சுருக்கம் விழுந்து பூசணி மாதிரி, ஒன்றில் காயே இல்லை. ஒட்டு ரகம் அப்படித்தான், அடுத்த தலைமுறையில் பிரிந்துபோகும், நாட்டு ரகத்தில்தான் விதை எடுக்கலாம் என்று சொன்னால், "விடும்மா, நானும் அண்ணனும்கூட ஒரே வயித்துல பொறந்தவங்கதான், ஒண்ணு போலவா இருக்கோம்" என்கிறாள். அவளிடம் பேசி ஜெயிக்க முடியுமா?

சரி, அவரைக்கு வருகிறேன். நீ வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பும்போது நான் விதை கொடுத்தனுப்பிய கொடி அவரை உன் வாடகை வீட்டுப் பின்பக்கத்தில் கூரை வரை ஏறிவிட்டது, இலை உள்ளங்கை அகலம் இருக்கிறது, ஆனால் ஒரு பூகூட இல்லை என்று சொன்னாய். அப்புறம் சிரித்துக்கொண்டே இன்னொன்றும் சொன்னாய். இன்னும் ரெண்டு வருஷம் இருக்கப்போகிறாயா என்று லிஃப்ட் கம்பெனியில் சூப்பர்வைசர் கேட்டிருக்கிறார், அடுத்த மாசக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும், "கொடி பூத்தா இருக்கேன், பூக்கலன்னா கெளம்பி வந்துடறேன்னு மனசுல நெனச்சுக்கிட்டேம்மா, அதுவே இந்த ஊரு ஒத்துக்கலன்னு சொல்லுது, நான் வெச்சது எது வெளங்கியிருக்கு" என்றாய். நீ சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கண்ணா, அந்தக் கொடி அங்கே பூக்காது. நீ தண்ணீர் விட்டதிலும் தப்பில்லை, மண்ணிலும் தப்பில்லை. நம் வீட்டு அவரை பகல் குறைந்து இரவு நீளும்போதுதான் மொட்டு வைக்கும். இங்கே நாம் அதைப் போடுகிற காலத்துக்கு அது சரியாக இருக்கும். உன் ஊரில் ராத்திரி சாப்பாட்டு நேரத்திலும் வெயில் அடிக்கிறது என்கிறாயே, அத்தனை நீளப் பகலில் அது இலையாக விட்டுக்கொண்டே போகும். பகல் குறைகிறபோது குளிர் வந்து கருக்கிவிடும். நான் தாவரவியல் படித்தவள், கல்லூரியில் இதற்கென்றே ஒரு பாடம் இருந்தது. பள்ளிக்கூட ஆபீசில் உட்கார்ந்து எத்தனை வருஷமானாலும் அது மறக்கவில்லை. ஆனாலும் கொடுக்கும்போது அதை நினைக்கவில்லை. நம் வீட்டு விதை உன்னோடு இருக்கட்டும் என்று மட்டும்தான் தோன்றியது.

நீ சொன்ன அந்த நிமிஷமே காரணம் எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் நான் போனில் சொல்லவில்லை. ஏன் என்று உனக்கே தெரியும். நீ பேசி முடித்ததும் அப்பா, "அப்ப நம்ம தொரை வந்துருவான்" என்று சொல்லிவிட்டு, மறுநாளே உன் மாடி அறையில் போட்டு வைத்திருந்த அட்டைப்பெட்டிகளை இறக்கினார். கத்திக்கொண்டிருந்த மின்விசிறியைக் கழற்றி எண்ணெய் போட்டு மாட்டினார், இப்போது ஓடுவதே தெரியவில்லை. உன் தங்கை என் காதருகே வந்து, "அந்தக் கொடி தப்பித்தவறிப் பூத்துரப் போகுது, தண்ணி ஊத்த வேணாம்னு சொல்லிடும்மா" என்றாள். நானும் அவர்களில் ஒருத்தியாகத்தான் இருந்தேன். பொய் சொல்ல வேண்டியதில்லை, வாயை மூடிக்கொண்டிருந்தாலே போதும், பிள்ளை வீட்டுக்கு வந்துவிடுவான் என்று நினைத்துக்கொண்டு அந்த அறையைப் பெருக்கினேன், தலையணைக்குப் புது உறைகூடத் தைத்தேன்.

ஆனால் அந்த உறையை மாட்டும்போது வேறொன்று தோன்றியது. இந்த அறைக்கு நீ வருவாய். வந்து படுத்துக்கொண்டு, நான் வைத்தது எதுவும் விளங்காது என்று விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாய். கீழே அடுப்படியில் நின்றுகொண்டு, அது அப்படியில்லை என்று தெரிந்தும் நான் சும்மா இருப்பேன். என்னால் அது முடியாதுப்பா. அதனால்தான் இந்தக் கடிதம்.

இனி நான் சொல்வதைக் கேள். இந்தத் தடவை இங்கிருந்து விதை எதுவும் அனுப்பப் போவதில்லை. பக்கத்து வீட்டில் பஸ் ஓட்டுகிற அம்மா ஒருத்தி இருக்கிறாள், அவள் கம்பு நட்டு ஏற்றியிருக்கிற பீன்ஸ் சிவப்பாகப் பூத்துக் கிடக்கிறது என்று சொன்னாயே, அவளிடம் கூச்சப்படாமல் போய்க் கேள். எத்தனை வருஷமாக அவளே விதை எடுக்கிறாள், முதல் பூ எப்போது வந்தது என்று விசாரி. அந்த ஊர் வெயிலிலும் குளிரிலும் காய்த்து முற்றிய விதைதான் உனக்கு லாயக்கு. தக்காளியில் சின்னப் பழ ரகமாகப் பார், சீக்கிரம் பழுத்துவிடும். பாக்கெட் வாங்கினால் படத்தைப் பார்த்து மயங்காதே, எத்தனை நாளில் காய்க்கும், எந்த வருஷத்து விதை என்று பின்பக்கம் படி. கொஞ்சம் விதையை ஈரத்துணியில் முடிந்து வைத்து முளைக்கிறதா என்று பார்த்துவிட்டு மிச்சத்தைப் போடு. அவரைதான் வேண்டும் என்றால் செடி அவரை என்று கேட்டு வாங்கு, அது இடுப்பளவுதான் வளரும், பகல் நீளமா குட்டையா என்று பார்க்காமல் பூக்கும். செடி அவரைக்கு வாசமே கிடையாது என்று நான் எத்தனை தடவை முகத்தைச் சுளித்திருக்கிறேன், என் வாயாலேயே அதைச் சிபாரிசு செய்கிறேன் பார்.

வேலை விஷயத்தில் நான் இரு என்றும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. உனக்கு அந்த வேலை பிடிக்கிறதா, கூட இருக்கிறவர்கள் மனுஷனாக நடத்துகிறார்களா, காலையில் எழுந்து போக மனசு வருகிறதா, இதை யோசித்துப் பதில் சொல். வரவேண்டும் என்று தோன்றினால் தலை நிமிர்ந்து வா, அறை தயாராக இருக்கிறது. இருக்கவேண்டும் என்று தோன்றினால் இரு, அறை அப்போதும் தயாராகத்தான் இருக்கும், நடுவில் உன் தங்கை ஆக்கிரமித்துக்கொண்டால் நான் பொறுப்பல்ல.

இதை எழுதப்போவதை அப்பாவிடம் சொன்னேன். கையில் இருந்த ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அப்புறம், "எழுது, எழுது, பையன் தெரிஞ்சுதான் முடிவு பண்ணணும்" என்றார். வாசல் வரை போனவர் திரும்பி வந்து, "செடி அவரை ருசி சுமாராத்தான் இருக்கும்னு அதையும் சேர்த்து எழுதிடு" என்றார். எழுதிவிட்டேன்.

நீ நீண்ட ஆயுளும் நிறைந்த மனசுமாக, எந்த ஊரில் இருந்தாலும் வயிறு காயாமல் இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் ரெண்டு பேரின் ஆசீர்வாதம். லிஃப்ட் குழிக்குள் இறங்குமுன் மின்சாரத்தை அணைத்தாயிற்றா என்று ஒரு தடவைக்கு ரெண்டு தடவை பார்.

எப்போதும் உன்னையே நினைத்திருக்கும்
அம்மா