கட்டை விரல் நகத்தில் கறுப்பு

1943 டிசம்பர் 6, திங்கள்
பனி. விடிந்த பிறகும் அடுப்படியில் இருட்டு. மண்ணெண்ணெய் இல்லை; சண்டை முடிந்தால்தான் கிடைக்குமாம். நாளை மறுநாள் பக்ரீத். பாக்கி வேலை: மாவு இடிக்க, பெரிய சட்டி துலக்க, மூத்தவள் மைமூன் பாவாடைக்கு ஓரம் அடிக்க. இடுப்பு கழன்று போகிறது.

மாமி, இவருடைய அம்மா, மருதாணி அரைத்து வைத்துவிட்டார். ரமலானுக்கு நான் வைத்தது இன்னும் நகத்தில் இருக்கிறது. நுனியில் சிவப்பு, அடியில் புதிதாக வளர்ந்தது வெறும் நகம். வலது கட்டை விரலில் மட்டும் அந்தப் புது நகத்திலும் கறுப்புக் கோடு. போன வருஷம் அரிசிப் பெட்டி மூடி விழுந்ததே, அந்த ரத்தக்கட்டு என்றுதான் நினைத்திருந்தேன். அப்படியானால் மருதாணியோடு சேர்ந்து அதுவும் மேலே ஏறியிருக்க வேண்டாமா? சிவப்பு ஏறிவிட்டது. கறுப்பு அடியிலேயே நிற்கிறது. முன்னைவிட அகலம். நகம் முளைக்கும் இடத்துத் தோலிலும் மை தொட்ட மாதிரி ஒரு கறை. வலி இல்லை. ஒவ்வொரு பெருநாளுக்கும் மேலே மருதாணியை அப்பி நானே மறைத்துக்கொண்டிருக்கிறேன்.

மாமியிடம் காட்டினேன். சரியாகக்கூடப் பார்க்கவில்லை.

“அடிபட்டா அப்படித்தான் இருக்கும். மருதாணி குளிர்ச்சி. நீட்டு கைய.”

அந்த விரலுக்கு மட்டும் வேண்டாம் என்றேன். முகம் கடுத்துவிட்டது. மிச்சத்தை வழக்கம்போலத் தன் உள்ளங்கால் இரண்டிலும் அப்பிக்கொண்டு படுத்துவிட்டார். பித்தத்துக்கு நல்லதாம்.

டிசம்பர் 8, புதன். பெருநாள்
கறி மூன்று பங்கு. ஏழைகளுக்கு, சொந்தத்துக்கு, வீட்டுக்கு. நறுக்கி, கொடுத்து, சமைத்து, கழுவி... நின்ற கால் உட்காரவில்லை. வந்தவர்கள் எல்லாரும் கையைப் பார்த்து, “ஒரு வெரலு மட்டும் ஏன் மூளியா இருக்கு?” சொல்லிச் சொல்லி வாய் வலி.

ராத்திரி இவரிடம் சொன்னேன். கடையிலிருந்து வந்த களைப்பு அவருக்கு.

“ஒரு நகத்துக்குப் போயி ஆஸ்பத்திரியா புள்ள?”

“கூட்டிட்டுப் போறீங்களா, நான் தனியாப் போவட்டுமாங்க?”

சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். பிறகு, “சனிக்கெழம வாரேன்.”

டிசம்பர் 11, சனி
ஜட்கா வண்டியில் போனோம். முகம் மூடிய துப்பட்டிக்குள் வேர்த்துக் கொட்டியது. வராந்தாவில் மதியம்வரை காத்திருப்பு. பக்கத்தில் ஒருத்தி பிள்ளைக்கு முறுக்கு ஊட்டிக்கொண்டே, “எழவு, என்னிக்குத்தான் கூப்புடுவாங்களோ” என்று ஓயாமல் முனகல். எனக்கு அது ஆறுதலாகக்கூட இருந்தது.

லேடி டாக்டர் பூதக்கண்ணாடி வைத்து நெடுநேரம் பார்த்தார். மருதாணி ஏறியதையும் கறுப்பு நின்றதையும் சொன்னேன். நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார்.

“ரத்தக்கட்டு இல்லம்மா. புத்துநோய் மாதிரி தெரியுது. வெயில்ல வர்றது இல்ல, அடிபட்டு வர்றதும் இல்ல. நம்ம மாதிரி கறுத்த தோல்ல உள்ளங்கை, உள்ளங்கால், நகத்தடியிலதான் ஒளிஞ்சுக்கும்.”

கக்கத்தில் அழுத்திப் பார்த்தார். கட்டி எதுவும் தட்டுப்படவில்லை.

“அது வரைக்கும் நல்லது. விரலை மூட்டோட எடுத்துடலாம். தள்ளிப் போட்டீங்கன்னா விரலோட நிக்காது.”

 திரும்பும்போது செவ்வாய்ப்பேட்டை தாண்டியதும் இவர், “வலது கையா போச்சே” என்றார். எனக்கு அழுகை வந்தது. துப்பட்டி இருந்தது நல்லதாயிற்று.

டிசம்பர் 14, செவ்வாய்
நாளைக்கு ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். மாமி மூன்று நாளாகப் புலம்பல்.

“கட்டை வெரலு இல்லாம எப்படிச் சோத்தப் பெசைவே? எப்படி ஊசி கோப்பே? வெட்டுனவங்கல்லாம் பொழைச்சுட்டாங்களா? வரலேன்னு நெனச்சுக்கிட்டு இருந்தா வராது.”

கடைசிப் பேச்சு எரிச்சல் மூட்டியது.  எனக்குப் பயமாக இருக்கிறது. உயிருக்கா, விரலுக்கா என்று கேட்டால் தெரியாது. இந்த விரலால் எழுதுவது இதுதான் கடைசி. மைமூன் விரல்களையும் சின்னவள் விரல்களையும் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். உள்ளங்காலும். சுத்தம். அல்ஹம்துலில்லாஹ். இனி பார்த்த பிறகுதான் மருதாணி.

டிசம்பர் 29, புதன்
இடது கை. கோணல். மெதுவாக.
வீட்டுக்கு வந்து நான்கு நாள். கட்டு இருக்கிறது. இல்லாத விரல் அரிக்கிறது. இவர் சோறு பிசைந்து தருகிறார், குழைத்துவிடுகிறார். திட்டவும் மனசில்லை. டாக்டர், நல்ல நேரத்தில் வந்தீர்கள் என்றார். மாதா மாதம் கக்கத்தைத் தொட்டுப் பார்க்க வேண்டுமாம்.

சாயங்காலம் அசர் தொழுகைக்குப் பிறகு மாமி வந்தார். கதவைச் சாத்தினார். கட்டிலில் உட்கார்ந்து காலை என் மடியில் வைத்தார். இத்தனை வருஷத்தில் ஒருநாளும் செய்யாதது.

“பாரு.”

மருதாணி வெளுத்திருந்தது. வலது குதிகாலுக்கு உள்பக்கம், அரை ரூபாய்க் காசு அகலத்துக்குக் கறுப்பு. ஓரம் ஒழுங்கில்லை.

“எத்தனை நாளா மாமி?”

“மருதாணி வெச்சா தெரியாது. அதான் வெச்சுக்கிட்டே இருந்தேன்.” கட்டுப் போட்ட என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். “நீ போயிட்டு வந்துட்டே. எனக்கு மட்டும்தான் இன்னும் பயமா இருக்குடி.”

நாளைக் காலை ஜட்கா சொல்ல வேண்டும். அவர் கையை நான் பிடித்துக்கொள்வேன், இந்த இடது கையால்.