பாதியில் நின்ற சீனத்துக் கதை

கூடவே பிறந்து, கூடவே சண்டை போட்டு, சொல்லாமல் போய்விட்ட என் முத்துக்கனி அக்காவுக்கு,

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. நீ இருந்த கடைசி ஐந்து மாதம் நான் உன்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. உயிரோடு இருந்தபோது பேசாதவள் செத்த பிறகு கடிதம் எழுதுகிறாளே, வெட்கங்கெட்டவள் என்று நீ நினைக்கலாம். நினைத்துக்கொள். நீ பதில் பேச முடியாது என்கிற தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

முதலில் ஊர்ச் சேதி. நம் லயத்து வரிசையில் பத்து வீட்டில் ஆறு பூட்டிக் கிடக்கிறது. பிள்ளைகள் எர்ணாகுளம், திருப்பூர் என்று போய்விட்டார்கள். வடக்கிலிருந்து வந்திருக்கிற ஆட்கள்தான் இப்போது பாதித் தேயிலை நிரை வெட்டுகிறார்கள். அவர்கள் போனிலும் நீ பார்த்த அதே சீனத் தொடர்தான் ஓடுகிறது, இந்தியில். உன் அறையில் விறகு அடுக்கிவிட்டேன். வேறு யாராவது என்றால் ஒரு வருஷமாவது உன் துணிமணியை அப்படியே விட்டிருப்பார்கள். நான் விடவில்லை.

உன் போன் மட்டும் என்னிடம் இருக்கிறது. குறுக்கே கீறல் விழுந்த அந்தப் போனில்தான் நீ தினம் சாயங்காலம் தண்ணீர்த் தொட்டி மேட்டில் உட்கார்ந்து, டவர் கிடைக்கிற அந்த ஒரே கல்லின் மேல், தொடர் பார்ப்பாய். அட்டை கடித்த காலில் சுண்ணாம்பு தடவிக்கொண்டே பார்ப்பாய். மறுநாள் காலையில் கொழுந்து வெட்டும்போது எங்களுக்கு அதைச் சொல்வாய். தேயிலைக் காட்டில் போன் எடுத்தால் கங்காணி கத்துவார். வாய்க்கு யார் பூட்டுப் போட முடியும்?

அப்படி என்னதான் இருக்கிறது அதில் என்று ஆரம்பத்தில் நான் கேலி செய்தேன். வாளின் மேல் ஏறிப் பறக்கிறார்கள், ஆயிரம் வயதிலும் ஆணும் பெண்ணும் மூக்கும் முழியுமாக இருக்கிறார்கள், வெள்ளைப் பட்டு உடுத்திச் சேற்றில் நடந்தாலும் ஒரு பொட்டு அழுக்கு ஒட்டுவதில்லை. இதைப் போய்ப் பார்க்கிறாயே என்றேன். நீ கொழுந்து வெட்டுகிற கத்தரியை நிறுத்தாமல் பதில் சொன்னாய்.

"அதுல எவளும் வேலைக்குப் போறதில்லட்டி. அது ஒண்ணு போதாதா? அதோட, அங்க தப்புப் பண்ணுனா வானத்துல இருந்து இடி வந்து தலையில விழுது. இங்க எவ தலையில விழுந்துச்சு?"

அந்தக் கடைசி வரியைச் சொல்லும்போது நீ என்னைப் பார்த்தாயா? பார்த்திருப்பாய். எனக்கு அது உறைக்கவில்லை.

நீ நன்றாகச் சொல்வாய் அக்கா. அதை மறுக்கமாட்டேன். நிலவு மலையின் இளவரசி, அவளுக்காக மூன்று பிறவி காத்திருக்கிற தேவன், பூமியில் பிறந்து அவனையே மறந்துபோகிற அவள் என்று நீ சொல்லச் சொல்ல, கொழுந்துப் பை நிரம்புவதே தெரியாது. மூன்றாம் பிறவியில் அவள் ஒரு சோற்றுக்கடையில் பாத்திரம் கழுவுகிறாள், அவன் பிச்சைக்காரன் வேஷத்தில் வந்து கை நீட்டுகிறான், அவளுக்கு அடையாளம் தெரியவில்லை என்று நீ சொன்ன அன்று நம்மோடு வெட்டுகிற செல்லத்தாய் மூக்கைச் சிந்திச் சிந்தி இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை நனைத்துவிட்டாள். நமக்கெல்லாம் ஒரே பிறவி, ஒரே லயம், ஒரே மலை. இன்னொரு பிறவி உண்டு, இங்கே விட்டதை அங்கே பிடிக்கலாம் என்று யாராவது சொன்னால் நாங்கள் ஏன் கேட்கமாட்டோம்?

அப்புறம் நீ கதைக்குள் ஒரு தங்கச்சியைக் கொண்டுவந்தாய்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் புரிய வேண்டும் என்பதால் நமக்குத் தெரிந்ததையே ஒரு முறை சொல்கிறேன். தேவிகுளம் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் வீடு நம்முடையது அல்ல, வேலையுடையது. ஓய்வு பெறுகிறவர் தன் பேருக்குப் பதில் பிள்ளைகளில் ஒருவர் பேரைக் கொடுக்கலாம். அந்தப் பேர்தான் நிரந்தர வேலை, அந்தப் பேர்தான் லயத்து வீடு. முப்பது வருஷத்துக்கு முன் அம்மா ஓய்வு பெற்றபோது உன் பேரைத்தான் சொல்லியிருந்தாள். உன் புருஷன் உன்னை விட்டுப் போயிருந்தான், நீ போடியில் பிரசவத்துக்குக் கிடந்தாய். என் வீட்டுக்காரர் ஜீப் ஓட்டுகிறவர், எஸ்டேட் ஆள் இல்லை. எனக்கும் வீடு வேண்டியிருந்தது. அக்கா இனி மலைக்கு வரமாட்டாள் என்று ஆபீசில் நான்தான் போய்ச் சொன்னேன். கிளார்க்குக்கு இரண்டு நாட்டுக்கோழி கொண்டுபோய்க் கொடுத்தேன். அம்மாவைக் கையெழுத்துப் போட வைத்தேன்.

நீ கைக்குழந்தையோடு வந்து இறங்கியபோது வீடு என் பேரில் இருந்தது. பின்னறையில் இருந்துகொள் என்றேன். என்னவோ தர்மம் செய்கிற மாதிரி சொன்னேன். நீ தற்காலிக ஆளாகவே முப்பது வருஷம் வெட்டினாய். ஒரு நாளும் அதைப் பற்றி வாய் திறந்து கேட்டதில்லை. உனக்கு மறந்துவிட்டது என்றே நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

உன் கதையில் தேவலோகத்தில் எல்லோருக்கும் பச்சைக்கல்லில் பேர் வெட்டியிருக்கும். அந்தக் கல் இல்லாமல் அரண்மனைக்குள் கால் வைக்க முடியாது. இளவரசி பூமியில் பிள்ளை பெறப் போன நேரத்தில் அவள் தங்கச்சி, கருநாக வம்சத்தில் வளர்ந்தவள், அந்தக் கல்லைத் திருடித் தன் பேரை வெட்டிக்கொள்கிறாள் என்றாய். நான் கொதித்துப்போனேன். இவளெல்லாம் விளங்குவாளா, இவள் கையில் புழு வைக்க என்று நிரை முழுக்கக் கேட்கிற மாதிரி ஏசினேன். ஒருத்தியும் என்னோடு சேர்ந்து ஏசவில்லை. எல்லோரும் குனிந்து கொழுந்து வெட்டினார்கள். பத்து நாள் போல அந்தத் தங்கச்சியை நான் தினம் வைதேன், நீ தினம் எனக்கு எடுத்துக் கொடுத்தாய்.

அப்புறம் ஒருநாள், தங்கச்சிக்காரி அரண்மனைக் காவல்காரனுக்கு இரண்டு கோழி கொடுத்து உள்ளே போனாள் என்று சொன்னாய்.

"ஏக்கா, தேவலோகத்துல ஏதுக்கா கோழி?" என்று நான்தான் கேட்டேன்.

"எஸ்டேட்ல இருந்து போயிருக்கும்" என்றாய்.

நிரை மொத்தமும் சிரித்தது. அந்த வடக்கத்திப் பிள்ளைகளுக்கு ஒன்றும் புரியாமல் அவர்களும் சேர்ந்து சிரித்தார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. பத்து நாளாக என் வாயாலேயே என்னை நீ ஏச வைத்திருக்கிறாய். முப்பது வருஷம் பேசாமல் இருந்ததற்கு வட்டியா அது?

நான் சும்மா இருக்கவில்லை. அன்றைக்கு வீட்டுக்குப் போனதும் பின்னறைக்குப் போகிற கரண்டைப் பிடுங்கினேன். எப்படிப் போன் சார்ஜ் போடுகிறாய், எப்படிக் கதை சொல்கிறாய் பார்க்கிறேன் என்றேன். நீ மூன்றாம் வீட்டில் சார்ஜ் போட்டுக்கொண்டாய். நான் பேச்சை நிறுத்தினேன். ஒரே கூரை, ஒரே குழாய், ஐந்து மாதம். நீ கஞ்சி வைக்கிற வாசம் வந்தால் நான் சன்னலைச் சாத்துவேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்த ஐந்து மாதமும் நான் உன் பக்கத்து நிரையைத்தான் கேட்டு வாங்கினேன். உனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெட்டுவேன், காது மட்டும் உன்னிடம் இருக்கும். இடி விழுமா, மன்னிப்பாளா? அந்தத் தங்கச்சி என்ன ஆவாள் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது. வேறு யாரிடம் போய்க் கேட்பேன்?

நீ அவளை நன்றாகத்தான் அலைக்கழித்தாய். திருடிய கல் அவள் நெஞ்சில் கனத்தது, சாப்பாடு இறங்கவில்லை, ஆயிரம் வருஷம் தூங்கவில்லை. கடைசியில் போன ஆடியில் ஒருநாள் நீ, அவள் கல்லை எடுத்துக்கொண்டு அக்கா இருக்கிற குகைக்கு வந்துவிட்டாள் என்றாய். பனி கொட்டுகிறது. கதவு சாத்தியிருக்கிறது. உள்ளே அக்கா இருக்கிறாள். தட்டுவதற்குக் கையைத் தூக்குகிறாள். அப்போது மழை பிடித்துக்கொண்டது, எல்லோரும் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடினோம்.

"மிச்சம் நாளைக்கு" என்றாய். என் முதுகைப் பார்த்துத்தான் சொன்னாய், எனக்குத் தெரியும்.

மறுநாள் காலையில் உன் அறைக் கதவு சாத்தியிருந்தது. அடுப்புப் புகை இல்லை. நான் வாளியோடு அந்தக் கதவைத் தாண்டி இரண்டு தடவை போனேன். ஐந்து மாதமாகத் தட்டாதவள் அன்றைக்கு எதற்குத் தட்ட வேண்டும் என்று வேலைக்குப் போய்விட்டேன். பத்து மணி டீக்கும் உன்னைக் காணோம் என்று செல்லத்தாய்தான் ஓடிப்போய்ப் பார்த்தாள். எட்டு மணிவாக்கில் நெஞ்சடைத்து உயிர் போயிருக்கும் என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். நான் வீட்டைவிட்டுக் கிளம்பியது ஏழரைக்கு.

காரியம் முடிந்ததும் நான் செய்த முதல் வேலை என்ன தெரியுமா? உன் போனை என் அறையில் சார்ஜ் போட்டு அந்தத் தொடரைப் பார்த்ததுதான். வேலை விட்டு வந்து சாயங்காலம், ஞாயிற்றுக்கிழமை முழுப் பகல் என்று ஒரு பாகம் விடாமல் பார்த்தேன். இளவரசி வந்தாள், தேவன் வந்தான், சோற்றுக்கடை வந்தது. பச்சைக்கல்லும் வந்தது. அதை இளவரசியே ஆற்றில் தவறவிடுகிறாள். தங்கச்சியைக் காணோம். அடுத்த பாகத்தில் வருவாள், அடுத்ததில் வருவாள் என்று கடைசிப் பாகம்வரை உட்கார்ந்திருந்தேன். அந்த இளவரசிக்குக் கூடப்பிறந்தவர்களே கிடையாது.

செல்லத்தாயைப் பிடித்துக் கேட்டேன், உனக்கு இது தெரியுமா என்று.

"நாலாம் நாளே தெரியும். நாங்களும் போன்ல பாக்கதுதானே. தொடர் எல்லாரும் பாக்கலாம், இது உனக்குன்னு சொல்லுதா, கேளுன்னு இருந்தோம். நீ கேக்கத்தான் செஞ்ச."

வரும் சித்திரையில் எனக்கும் ஓய்வு. என் மகனிடம் அவன் பேரைக் கொடுக்கட்டுமா என்றேன். தேயிலை வெட்டவா படித்தேன் என்று போனை வைத்துவிட்டான். அதன் பிறகுதான் உன் மகள் செண்பகத்தைப் பார்க்க போடிக்குப் பஸ் ஏறினேன். நல்லவள் மாதிரி சொல்லவில்லை, வரிசை அதுதான். முதலில் என் மகன், அவன் வேண்டாம் என்ற பிறகுதான் உன் மகள்.

அவள் என்னை உட்காரச் சொன்னாள், காப்பி கொடுத்தாள். பேர் வேண்டாம் என்றாள். எங்கம்மாவுக்குக் கிடைக்காத வீட்டில் நான் எதுக்கு என்றாள். கோபம்கூட இல்லை அவள் குரலில். நான் எழுந்து வாசல்வரை வந்தவள், மானத்தை விட்டு அவளிடம் கேட்டேன். உன் அம்மா தினம் உன்னோடு போனில் பேசுவாளே, அந்தக் கதையில் தங்கச்சிக்கு என்ன முடிவு வைத்திருந்தாள், சொன்னாளா என்று கேட்டேன்.

"அம்மாவுக்கே தெரியாது சித்தி. கடைசியாப் பேசுன அன்னிக்கு நானும் கேட்டேன், அக்கா கதவத் தொறப்பாளான்னு. 'அவ வந்து என் கதவத் தட்டட்டும்டி, தொறக்கதா வேண்டாமான்னு அப்பச் சொல்லுதேன்'னு சொல்லிச்சு."

பஸ்ஸில் போடிமெட்டு வளைவுகள் ஏறுகிறவரை நான் எதுவும் நினைக்கவில்லை. பூப்பாறை தாண்டியதும் வாயில் சேலையை வைத்து அடைத்துக்கொண்டு அழுதேன். பக்கத்தில் இருந்த மலையாளத்துப் பெண் வாந்தி வருகிறதோ என்று சன்னலைத் திறந்துவிட்டாள்.

திங்கட்கிழமை வேலைக்குப் போனேன். இத்தனை மாதத்தில் அந்தக் கதையைப் பற்றி என்னிடம் யாரும் பேச்செடுத்ததில்லை. அன்றைக்கு டீ குடிக்கும்போது செல்லத்தாய் கேட்டுவிட்டாள், போடிக்குப் போனியே, அந்தத் தங்கச்சி கதவைத் தட்டினாளா என்று. நிரை முழுக்க என்னைப் பார்த்தது. அவர்களுக்கு நான் என்ன வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். தட்டினாள், அக்கா திறந்தாள், கட்டிக்கொண்டு அழுதார்கள் என்றால் நம்பியிருப்பார்கள். கொஞ்சம் ஆறுதல்கூட அடைந்திருப்பார்கள்.

நான் உள்ளதைச் சொன்னேன். தூக்கிய கையை இறக்கிவிட்டாள், அக்கா உள்ளே உயிரோடு இருக்கும்போதே வேலைக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டாள் என்றேன். டீ ஆறிப்போயிற்று.

இனி எந்த மலையில், யார் கேட்டாலும் இதைத்தான் சொல்வேன் அக்கா. எனக்கு எவ்வளவு வயதானாலும் அந்த முடிவை மாற்றிச் சொல்லமாட்டேன். இது உன் மேல் சத்தியம்.

உன் கூடப்பிறந்த தங்கச்சி,
பேச்சியம்மாள்